எப்பிஸ்கோப்பல் திருமண்டல அலுவலகப் பணி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் திருமண்டல (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) அலுவலகங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நிதி, நிர்வாக வேலைகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நான் எந்தெந்த இடங்களில் சறுக்கினேனோ, பெரும்பாலும் அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். மின்னஞ்சலை ஆள் மாற்றி அனுப்புவது, பேராயர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு சபைகளுக்கு வருவதாக எழுதிவிடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை ஓரிரு மாதங்களில் தாமாகத் திருந்திவிடும். பணத்தையும், சபையின் சொத்தையும், ஒருவருடைய ஊழியத்தையும் தொடுகிற தவறுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து இங்கே வருகிற நம்மவர்களுக்கு ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஊரில் குருத்துவச் செயலர், லே (சபையார்) செயலர், பொருளாளர் ஆகியோர் தேர்தலில் வென்று வருகிறவர்கள். அதனால் அலுவலகத்தில் இருப்பவர் என்றாலே அதிகாரம் உள்ளவர் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. இங்கே பேராயரின் வலக்கையாகச் செயல்படும் கேனன் டு தி ஆர்டினரி முதல், சபைகளுக்குக் குருமார் கிடைக்க வழிசெய்பவர், தகவல் தொடர்பைக் கவனிப்பவர் வரை பெரும்பாலோர் பேராயரால் நியமிக்கப்பட்டவர்கள். ஆண்டு மாநாட்டில் வாக்குகள் பெற்று வருவது நிலைக்குழுதான். குருமாரும் சபையாரும் சேர்ந்த அந்தக் குழு பேராயருக்கு ஆலோசனை சொல்லும். பேராயர் பதவி காலியாக இருக்கும்போது அதுவே திருமண்டலத்தின் அதிகாரத்தை ஏற்கும். அலுவலகப் பணியாளரின் கையில் இருப்பது பிறருடைய அதிகாரத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

சிறிய திருமண்டலங்களில் ஒரே ஆள் மூன்று பேருடைய வேலையைப் பார்ப்பதும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மூன்று திருமண்டலங்கள் 2024இல் ஒன்றாகச் சேர்ந்தன. மிச்சிகனில் இரண்டு திருமண்டலங்கள் இணைந்து அதே ஆண்டில் கிரேட் லேக்ஸ் திருமண்டலம் ஆயின. இத்தகைய இணைப்புகளுக்குப் பிறகு பழைய அலுவலகங்களின் வெவ்வேறு பழக்கங்கள் ஒரே மேசைக்கு வந்து சேர்வதால், "நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்ற விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பேராயரின் பெயரால் வாய்மொழி அனுமதி கொடுப்பது

ஒரு சபையின் பொருளாளர் தொலைபேசியில் அழைக்கிறார். மணிக்கூண்டில் அலைபேசி ஆன்டெனா வைக்க ஒரு நிறுவனம் இருபது ஆண்டுக் குத்தகை கேட்கிறது. மாதந்தோறும் நல்ல வாடகை வரும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். புதிய பணியாளர் இரக்கப்பட்டு, "பேராயர் மறுக்கமாட்டார், நீங்கள் தொடருங்கள்" என்கிறார். பேராயர் மறுக்காமலே இருக்கலாம். ஆனால் சபையின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்பதற்கும், அதன்மேல் பிறருக்கு உரிமை ஏற்படுத்துவதற்கும் பேராயரும் நிலைக்குழுவும் சேர்ந்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சபையின் சொத்து திருச்சபைக்காகவும் திருமண்டலத்திற்காகவும் பொறுப்பில் வைக்கப்பட்டிருப்பதாக 1979இல் சேர்க்கப்பட்ட விதியை வைத்து நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்குகள் நடந்துவிட்டன. நீண்ட காலக் குத்தகை அந்த ஒப்புதலுக்கு உட்பட்டதா இல்லையா என்பதைத் திருமண்டலத்தின் சட்ட ஆலோசகரான சான்சலர்தான் சொல்ல வேண்டும்; தொலைபேசியை எடுத்தவர் சொல்லக் கூடாது. "கடிதமாக அனுப்புங்கள், சான்சலரிடமும் நிலைக்குழுவிடமும் சேர்க்கிறேன்" என்பதே சரியான பதில். வெள்ளிக்கிழமைக் கெடு அந்த நிறுவனத்தின் கவலை.

பேராயர் தேர்தலில் கருத்துச் சொல்வது

சொல்லாதீர்கள். வீட்டில்கூட.

குடியிருப்புப்படித் தீர்மானத்தைத் தள்ளிப்போடுவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். எரிச்சலுக்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லாச் சபைகளுக்கும், "உங்கள் குருவானவரின் குடியிருப்புப்படியை அடுத்த ஆண்டு தொடங்குவதற்கு முன் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்" என்று நினைவூட்டல் அனுப்புகிற அதே திருமண்டல அலுவலகம், தன்னிடம் சம்பளம் வாங்கும் குருமாருக்கு அதைச் செய்ய மறந்துவிடுகிறது.

அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, குருமாரின் ஊதியத்தில் குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வருமானவரி விலக்கு அளிக்கிறது. விலக்கிற்கு வரம்பு உண்டு: ஒதுக்கப்பட்ட தொகை, உண்மையில் செலவான தொகை, தட்டுமுட்டுச் சாமான்களோடும் மின்சாரம், தண்ணீர் முதலிய செலவுகளோடும் சேர்த்து அந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய நியாயமான வாடகை ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே விலக்குப் பெறும். இவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவது குருவானவரின் பாடு. வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணம் கைமாறுவதற்கு முன்பே, அதிகாரம் பெற்ற அமைப்பு தொகையை ஒதுக்கி, அதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். தீர்மானமாக இருக்கலாம், வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்கலாம், பணி ஒப்பந்தக் கடிதத்திலேயே கூட இருக்கலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்ட சம்பளத்திற்குப் பின்னால் போய் ஒதுக்க முடியாது.

ஒரு திருமண்டலத்தில் ஜூலை முதல் தேதி புதிய கேனன், அதாவது பேராயரின் அலுவலகத்தில் பணிபுரியும் குருவானவர், பணியில் சேர்ந்தார். கணக்குக்கு எளிதாக இருக்கத் தொகைகளை மாற்றிச் சொல்கிறேன்: ஆண்டு ஊதியம் 96,000 டாலர், அதில் குடியிருப்புக்கு 36,000 என்று பேச்சு. ஒப்பந்தக் கடிதத்தில், "குடியிருப்புப்படி பின்னர் முடிவு செய்யப்படும்" என்று எழுதியிருந்தார்கள். தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டிய திருமண்டலக் கவுன்சில் ஜூனில் கூடிக் கலைந்துவிட்டது. அடுத்த கூட்டம் அக்டோபரில். அலுவலகத்தில் கணக்கு எழுதிய தம்பி, நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர், கெட்டிக்காரர், செப்டம்பர் இறுதியில்தான் இதைக் கண்டுபிடித்து என்னை அழைத்தார்.

"அண்ணா, தீர்மானத்தில் ஜூலை 1 முதல் என்று போட்டுவிடலாமா? எல்லாரும் பேசி ஒத்துக்கொண்டதுதானே?"

போட முடியாது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். எழுத்தில் எதுவும் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. அக்டோபரில் நிறைவேறிய தீர்மானத்தில் ஜூலை தேதியைப் போட்டால் அமெரிக்க வருமானவரித் துறையான ஐ.ஆர்.எஸ். அதை மதிக்காது, நடவடிக்கைக் குறிப்பையே ஜூனில் எழுதியதுபோல மாற்றினால் அது மறதி என்ற நிலையைத் தாண்டி மோசடி ஆகிவிடும். மூன்று மாதங்களுக்கு 3,000 வீதம் 9,000 டாலர் வரிக்கு உட்பட்டது. 22 விழுக்காடு வரி வரம்பில் இருப்பவருக்கு அது 1,980 டாலர் இழப்பு; மாநில வரி தனி. அந்தக் கேனன் வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு தவறு தனியாக வருவதில்லை என்பதால் சம்பளச் சீட்டை அனுப்பச் சொன்னேன். மொத்தம் 8,000 என்ற வரிக்குக் கீழே, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (அரசின் ஓய்வுக்கால, முதியோர் மருத்துவத் திட்டங்கள்) பிடித்தம் என்று 7.65 விழுக்காடு, அதாவது 612 டாலர், கழிக்கப்பட்டிருந்தது. அதே 612ஐத் திருமண்டலமும் தன் பங்காகக் கட்டியிருந்தது. இது அடுத்த பிழை. எப்பிஸ்கோப்பல் குருமாரும் டீக்கன்களும் தங்கள் ஊழியத்தில் பெறும் ஊதியத்தில் வருமானவரியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஊழியர்கள். சோஷியல் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை சுயதொழில் செய்கிறவர்கள். அவர்களே 15.3 விழுக்காட்டைக் கணக்கிட்டு, காலாண்டுத் தவணைகளில் கட்ட வேண்டும். அல்லது சம்பளத்திலிருந்து வருமானவரியாகக் கூடுதல் தொகையைப் பிடிக்கும்படி அவர்களே எழுதிக் கொடுக்கலாம். இந்த 15.3 விழுக்காட்டுக்குக் குடியிருப்புப்படியும் உட்பட்டது. அதற்கு விலக்கு வருமானவரியில் மட்டும்தான். சம்பளம் போடும் மென்பொருளில் ஒருவரைப் புதிதாகச் சேர்க்கும்போது குரு என்று குறிப்பிடாவிட்டால் அது எல்லாரையும்போலப் பிடித்துவிடும். தவறாகக் கட்டியதைத் திருத்தப் படிவம் போட்டு மீட்கலாம் என்பது ஒரு ஆறுதல். ஒதுக்காத குடியிருப்புப்படியை எந்தப் படிவமும் மீட்டுத் தராது.

மூன்றாவதாக ஓய்வூதியம். 1917இல் செயல்படத் தொடங்கிய சர்ச் பென்ஷன் ஃபண்டிற்கு, குருமாரின் மொத்த ஊதியத்தில் 18 விழுக்காட்டை வேலை கொடுப்பவர் செலுத்த வேண்டும். குடியிருப்புப்படி வருமானவரியில் வராததால் ஓய்வூதியக் கணக்கிலும் வராது என்று அந்தத் தம்பி நினைத்துவிட்டார். 96,000க்கு 17,280 டாலர் கட்ட வேண்டிய இடத்தில், 60,000க்கு 10,800 என்று தெரிவித்திருந்தார். குறைத்துத் தெரிவித்த ஊதியம், பிற்காலத்தில் குறைந்த ஓய்வூதியமாக அந்தக் குருவானவரின் தலையில்தான் விடியும். அதைச் சரிசெய்ய அந்தத் தம்பியே மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடத்தினார், நன்றாகவும் நடத்தினார்.

இந்த வம்பிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. ஆண்டுதோறும் தொகை குறிப்பிட்டு நிறைவேற்றும் தீர்மானத்தில், "இந்த ஆண்டுக்கும், வேறு தீர்மானம் நிறைவேற்றப்படும் வரை இனிவரும் ஆண்டுகளுக்கும்" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள். அதோடு, ஆண்டின் நடுவில் சேரும் எந்தக் குருவானவருக்கும் ஊதியத்தில் இத்தனை விழுக்காடு குடியிருப்புப்படி என்று ஒரு பொதுத் தீர்மானமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கடிதத்தில், "பின்னர் முடிவு செய்யப்படும்" என்ற தொடரைப் பார்த்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள், எழுதியவர் பேராயராகவே இருந்தாலும். ஓய்வுபெற்ற குருவானவர் அலுவலகத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தாலும் அந்த ஊதியத்திற்குத் தனித் தீர்மானம் வேண்டும். ஓய்வூதியத்திற்கான ஒதுக்கீடு இதற்குச் செல்லாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில பேராயர்கள் நிதி அல்லது நிர்வாகப் பொறுப்பிலுள்ள, குருப்பட்டம் பெறாத பணியாளர்களுக்கும் கேனன் என்ற பட்டத்தைக் கொடுப்பதுண்டு. பட்டம் கிடைத்த மறுவாரமே குடியிருப்புப்படி கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் அவருக்கு வழக்கம்போல உண்டு. ஆண்டுக்கு 1,000 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவராக இருந்தால் சபையார் பணியாளருக்கான ஓய்வூதியத் திட்டத்தில் அவரைச் சேர்ப்பது கட்டாயம். திருச்சபையின் 2009 பொது மாநாடு அப்படித்தான் விதித்தது.

புகாரை நீங்களே விசாரிப்பது

குருவானவர் ஒருவரைப் பற்றிக் கண்ணீரோடு ஒருவர் அலுவலகத்திற்கு வந்து பேசும்போது, இரண்டு வாக்கியங்கள் இயல்பாக வாயில் வரும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்பது ஒன்று. "அவரிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லக் கூடாது. திருச்சபைச் சட்டத்தில் குருமார் ஒழுங்கு நடவடிக்கைக்கான நான்காம் தலைப்பின் இப்போதைய நடைமுறை 2011 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, குற்றம் எனத்தக்க தகவலைப் பெற்றவர் அதைத் தாமதமின்றி, புகார்களைப் பெறுவதற்கென்று இருக்கும் இன்டேக் அலுவலரிடம் சேர்க்க வேண்டும். அங்கிருந்து அது இன்டேக் அலுவலர், பேராயர், ஒழுங்கு வாரியத்தின் தலைவர் ஆகிய மூவர் குழுவுக்குப் போவதா, அதற்கு முன்பே முடிவதா என்பதெல்லாம் அந்த வழிமுறை தீர்மானிக்க வேண்டியவை. நல்லெண்ணத்தோடு நீங்கள் குருவானவரிடம் பேசிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும், பின்னால் சாட்சியத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்க. பணியாளர் குருவானவராக இருந்தால், அலுவலக உரையாடலைப் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தோடு குழப்பிக்கொள்ளாமல், "இது பாவசங்கீர்த்தனம் அல்ல" என்பதை வந்தவரிடம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வந்தவரைத் தனியே விட்டுவிடுவதும் தவறு. பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் ஆத்தும ஆதரவு கிடைக்கச் செய்வது பேராயரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அன்றைக்கே அதைப் பேராயருக்கு நினைவூட்டுங்கள்.

கெடுத் தேதிகள்

சபை ஆண்டறிக்கை மார்ச் 1. தணிக்கை அறிக்கை செப்டம்பர் 1. பேச்சுக்கு இடமில்லை.

பேராயரின் விருப்ப நிதியைத் தனிப் பணமாக நினைப்பது

பேராயர் சபைக்கு வரும் ஞாயிறன்று எடுக்கப்படும் காணிக்கையை, தேவையுள்ளோருக்கு அவர் தம் விருப்பப்படி உதவும் விருப்ப நிதிக்குக் கொடுப்பது பல திருமண்டலங்களில் வழக்கம். காசோலை பேராயரின் சொந்தப் பெயரில் வந்தால் வங்கியில் போடாதீர்கள். சபைக்குத் திருப்பி அனுப்பி, நிதியின் பெயரில் எழுதி வாங்குங்கள். அந்தக் கணக்கு திருமண்டலத்தின் வரி எண்ணில் இருக்க வேண்டும், தணிக்கைக்கும் உட்பட வேண்டும். உதவி பெற்றவர்களின் பெயர்கள் அலுவலகம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. தணிக்கையாளர் பார்க்க ஒரு பதிவேடு கட்டாயம் இருக்க வேண்டும்.

மாற்றுக் கடிதத்தைக் கோப்பிலேயே தூங்கவிடுவது

வேறு திருமண்டலத்திலிருந்து வரும் குருவானவர், பழைய பேராயரிடமிருந்து மாற்றுக் கடிதம் பெற்று இங்கே கொடுத்து, அது ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் நம் திருமண்டலத்தைச் சேர்ந்தவர் ஆகிறார். கொடுக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் ஒப்படைக்காவிட்டால் அந்தக் கடிதம் செல்லாது. குடிபெயர்ந்து, வேலையும் தொடங்கி, சபையாருக்கு நன்கு பழகிய ஒருவர் ஆண்டு மாநாட்டின் வாசலில் நின்றுகொண்டு, வாக்காளர் பட்டியலில் தம் பெயரைத் தேடுவது நடக்கிற காரியம்தான். மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே சம்பளப் பட்டியலையும் குருமார் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்த்தால் இது நேராது. அந்த வேலை பதிவாளருடையதா, பேராயரின் செயலருடையதா என்ற வாக்குவாதம் எழுந்தால், கையில் கோப்பு இருப்பவர் செய்துவிடட்டும்.