முற்றுகைப் படத்தில் புகை எந்தப் பக்கம் போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிப் பக்கம் கடலோரம் இருக்கிற வட்டக்கோட்டைக்கு, படம் வரைய நாலு பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். போர்க்கள ஓவியர்கள் முற்றுகையைக் கிறுக்கியது போல ஒரு பென்சில், ஒரு தாள், பத்து நிமிடம். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்புகளை நாலு பேரும் ஒன்றுவிடாமல் செய்தார்கள். பென்சில் முனை உடைவது, தாள் பறப்பது எல்லாம் தானாகவே சரியாகிவிடும், விடுங்கள்.

குறிப்பு எழுதாமல் எழுந்து வருவது

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையை (1864–65) நேரில் வரைந்தவர் ஆல்ஃபிரட் வாட். பென்சில் கோடு, வெளிச்சம் பட்ட இடத்தில் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான். படம் நியூயார்க்கில் ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகைக்குப் போகும். அங்கே மரக்கட்டையில் அதைச் செதுக்குகிறவர் களத்தைக் கண்ணால் கண்டவரில்லை. பெரிய படம் என்றால் கட்டையைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகச் செதுக்கி, பிறகு திருகிச் சேர்ப்பார்கள். அதனால்தான் களத்து ஓவியர்கள் படத்தின் மேலேயே எழுதினார்கள்: இது எந்தப் படை, அந்த மேடு என்ன.

“அண்ணே, போட்டோ எடுத்துட்டேன், வீட்டுல பாத்துக்கிடுதேன்” என்றான் ஒருவன். எரிச்சலாக வந்தது. போட்டோவில் காற்று தெரியுமா?

குளச்சல் போரைப் பற்றிய சிறு நூலுக்கு ஒருமுறை படம் கேட்டார்கள். 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர்ப் படையின் முற்றுகையில் சிக்கிச் சரணடைந்த காட்சி. ஆடி மாதம் குளச்சல் கடற்கரையில் அரை நாள் உட்கார்ந்து தென்னை, அலை, மணல் எல்லாம் வரைந்தேன். ஒரு வரி எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டில் பீரங்கிப் புகையைப் போட்டேன். கண்ணுக்கு அழகாக, கடலைப் பார்த்துப் போகிற மாதிரி. அச்சான பிறகு ஒரு மீனவப் பெரியவர் பார்த்தார். “ஏம்லே மக்கா, ஆடியில கச்சான் அடிக்கும்போ பொகை கடலுக்கா போவும்?” கச்சான் என்றால் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று. படத்தை மாற்றி மறுபடி அச்சடித்தார்கள். என் கூலியில் பாதி போயிற்று.

இப்போது என் தாளின் ஓரம் இப்படி இருக்கும்: ‘காலை 7. வெயில் இடப்பக்கம். காற்று கடலிலிருந்து. மதில் மூன்று ஆள் உயரம். கருமணல், ஈரம்.’

எல்லோரையும் சண்டை போட வைப்பது

பீட்டர்ஸ்பர்க் முற்றுகை ஒன்பது மாதத்துக்கு மேல் நடந்தது. பதுங்குகுழி, மண்மேடு, காத்திருப்பு. தூங்குகிறவனையும் வரையுங்கள்.

இன்றைய கோட்டையை அன்றைக்குப் போடுவது

வட்டக்கோட்டையின் இப்போதைய கருங்கல் மதில், குளச்சலில் சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுப்பியது. 1741 படத்தில் அது வரக்கூடாது.

தளபதியைப் பெரிதாக்குவது

கிரிமியப் போரில் குதிரைப்படைத் தாக்குதலை வரைந்த வில்லியம் சிம்சனிடம், தான் எடுப்பாகத் தெரியும்வரை படத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினாராம் கார்டிகன் பிரபு. உங்களிடம் எந்தப் பிரபுவும் கேட்கவில்லையே, அப்புறம் என்ன?

அழிரப்பர்

வீட்டில் இருக்கட்டும்.