காவிக் கரையில் கோட்டை விடாதீர்கள்

மாக்கோலத்தின் வெளிவிளிம்பைச் சுற்றிக் கடைசியாகப் போடுகிற காவிக் கரை இருக்கிறதே, அது வந்தால்தான் கோலம் நிறையும். வெள்ளை இழைகள் அதுவரை தரையோடு தரையாகக் கிடக்கும், கரை விழுந்ததும் எடுப்பாகத் தெரியும். அப்படிப்பட்ட கரையைத்தான் நம் மலையகத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பலர் பொங்கலன்று, பானை பொங்கப் போகிற அவசரத்தில் இழுத்துவிடுகிறார்கள்.

முக்கியமான தவறு, வெள்ளை காயும் முன்னே காவியைத் தொடுவது. ஈர மாவில் காவி பட்டால் ஊறி ரோஸ் நிறமாகப் பரவிவிடும், அதை ஈரத்துணியால் துடைக்கப் போனால் பக்கத்து இழையும் சேர்ந்து போய்விடும். மலையகத்தில் கோலம் லேசில் காயாது. தை பிறக்கிற ஜனவரி நடுப்பகுதியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை முழுதாக விட்டிருக்காது, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவிலோ விடியக்காலையில் தரையெல்லாம் பனியில் நனைந்து கிடக்கும், சில நாளில் உறைபனிகூட விழும். அதனால் முதல் நாள் பின்னேரமே இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்), கூரைக்குக் கீழே வெள்ளையைப் போட்டுவிட்டு, காவியை மட்டும் காலையில் போடுங்கள். விரலால் மெல்லத் தொடும்போது மாவு ஒட்டவில்லை என்றால் சரி, போடலாம்.

அப்புறம், அரைத்த மாவு இழுக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். பொறுமை இல்லாமல் அதன்மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் தடித்துப்போய், காய்ந்ததும் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் பொருக்கில் காவி எப்படி நிற்கும்? பச்சரிசியை நன்றாக ஊறவைத்து நெருநெருப்பு இல்லாமல் அரைத்து, சின்னத் துணித்துண்டை அதில் நனைத்துப் பிழிந்து மோதிர விரல் வழியாக இழுத்தால் ஒரே இழை போதும்.

தரையையும் பார்க்க வேண்டும். சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில் காவி எங்கே தெரியப் போகிறது? அங்கே வெளியே இன்னொரு வெள்ளை இழை ஓட்டி இரட்டைக் கரையாக முடியுங்கள், அழகாகவே இருக்கும். செம்மண் வாசலிலும் இதே பிரச்சினைதான், ஆனால் சாணத்தால் மெழுகிவிட்டால் தரை கருத்துக் காவி பளிச்சென்று தெரியும். காவிக்குப் பதிலாகச் சிவப்புக் கலர்ப்பொடி தூவுவது எனக்குப் பிடிக்காது. சின்னக் காற்றுக்கே பறந்து வெள்ளையில் படியும், தூறல் விழுந்தால் சாயம் ஓடும். காவிக்கல்லை உரைத்துத் தண்ணீரில் கரைத்துப் போட்டால் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

அகலத்தில்தான் ஆசை அளவு மீறுகிறது. சேலையில் கரை எவ்வளவோ அவ்வளவுதான் கோலத்திலும், கரையே கண்ணை இழுத்தால் உள்ளே இருக்கிற வேலையை யார் பார்ப்பார்கள்? இழையைப்போல் இரண்டு மடங்கு பருமன் போதும். அதேபோல், புள்ளிகளைச் சுற்றி இழை வளைத்துப் பின்னுகிற சிக்குக்கோலத்தில், நடு வரிசையில் 7 புள்ளி வைத்து, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4 வரை ஊடுபுள்ளியாக (முன் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே) வைத்தால் (மொத்தம் 37 புள்ளி) ஆறு பக்கம் வரும், அதைச் சுற்றி ஒரு வட்டத்தைப் போட்டு மூடினால் ஓரமெல்லாம் வெற்றிடமாக நிற்கும். வெளி இழை எப்படி வளைகிறதோ அப்படியே காவியும் வளைந்து போகட்டும். உள்ளே மடிகிற ஒரு மூலையில் தொடங்கி அங்கேயே முடித்தால் இணைப்புத் தெரியாது.

காவியைக் கையில் எடுக்குமுன் சிக்கை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில கோலத்தில் இரண்டு மூன்று இழை பின்னிக் கிடக்கும், ஒவ்வொன்றும் தொடங்கின இடத்துக்கே திரும்ப வருகிறதா, எந்தப் புள்ளியாவது வளைக்கப்படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கரை விழுந்தபிறகு வெளிச்சுற்று இழையைத் திருத்துவது பெரும்பாடு.

பொங்கல் அடுப்பு வைக்கிற கோலம் என்றால் நடுவில் வேலைப்பாடு வேண்டாம், அடுப்புக்கல் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கரையை அடுப்பிலிருந்து இரண்டு முழமாவது தள்ளிப் போட்டு, பானையைத் துழாவுகிறவருக்கு உள்ளே கால் வைக்க இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பால் பொங்கும் முன்பே கரை காலில் மிதிபட்டு அழிந்துவிடும்.