பழைய ராலேயின் மூன்று கியர் ஹப்பை மீட்ட கதை

பழைய ராலே சைக்கிள் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது பின்சக்கர ஹப்பைத்தான், அதாவது சக்கரத்தின் நடுவில் கியர்கள் அடங்கிய குடத்தை. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஹப் என்றால் அதன் மேலேயே ஆண்டும் மாதமும் பொறித்திருப்பார்கள். என்னுடையதில் அழுக்கைத் துடைத்ததும் 'ஏ டபிள்யூ' என்ற மூன்று கியர் மாடலின் பெயர், அதன் கீழே 58, 7. அதாவது 1958 ஜூலை, நாட்டிங்ஹாம் தயாரிப்பு. சக்கரத்தை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. பெடல் பக்கத்துச் செயின் வீலில் ராலேயின் சின்னமான கொக்குத் தலைகள் வெட்டியிருந்ததால் வண்டி ராலேதான் என்று உறுதியானது.

சிக்கல் முதல் கியரில். மிதித்தால் பிடிப்பே இல்லாமல் பெடல் சுற்றும். பெரும்பாலும் பல் தேய்ந்திருக்காது. உள்ளே எண்ணெய் பசையாகி, பால் (pawl) எனப்படும் சின்னக் கொக்கிகள் எழும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்த் துளை வழியே மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ஒரு ராத்திரி சாய்த்து வைத்தேன். காலையில் வடிந்தது கறுப்புக் கஷாயம். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, அப்புறம் மெல்லிய என்ஜின் ஆயில் இரண்டு ஸ்பூன் விட்டேன். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதுவே பிசினாகிவிடும்.

கடைசியாகக் கியர் கேபிள். ஹேண்டில்பாரில் உள்ள கியர் லீவரை இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஓட்டை வழியே பாருங்கள்: சின்னச் சங்கிலி தொடங்கும் இடத்தில் கம்பியின் முனை அச்சின் முனைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளின் முனையில் உள்ள திருகைச் சுற்றிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். இப்போது மூன்று கியரும் சுத்தமாக விழுகின்றன.