ஞானப்பல் எடுத்த பின் குழியைக் காப்பது எப்படி

ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊசியை நினைத்தே அஞ்சுகிறார்கள். மரத்துப்போன பிறகு நாற்காலியில் நடப்பது பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேர வேலைதான். பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் இரத்தக்கட்டியை அடுத்த சில நாட்கள் கலையாமல் காப்பதுதான் நம் பொறுப்பு. பின்வரும் யோசனைகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றுக்காகவே.

பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் இப்பல், தாடையில் இடம் போதாமல் சாய்ந்தோ எலும்புக்குள் புதைந்தோ நின்றுவிடுவதுண்டு. பாதி முளைத்த பல்லின்மேல் மூடியிருக்கும் ஈறு அடிக்கடி வீங்கினாலோ, பக்கத்துப் பல் சொத்தையானாலோ எடுத்துவிடுவது நல்லது. தொந்தரவே தராத பல்லை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேவைப் பார்த்து, கீழ்த்தாடை நரம்புக்கு வேர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடும் முகவாயும் சில காலம், அரிதாக நிரந்தரமாக, மரத்திருக்கக்கூடும்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கர்ப்பம், பெனிசிலின் ஒவ்வாமை, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. மரப்பு ஊசி மட்டும் என்றால் வழக்கம்போல் காலை உணவைச் சாப்பிட்டுவிட்டுச் செல்லலாம். முழு மயக்கம் என்றால் மருத்துவர் சொல்லும் நேரத்திலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தால், பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பல்லை எடுத்ததும் வைக்கும் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். இரத்தம் நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கியது மறுபடி கலையும். அன்று முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே. அதைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பும்போதும் ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுவிசை இரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். இளநீரையும் டம்ளரில் ஊற்றியே குடியுங்கள். புகை, புகையிலை, வெற்றிலை பாக்கு, மது ஆகியவற்றைக் குறைந்தது ஒரு வாரம் தொடவே வேண்டாம்; புகைப்பவர்களுக்குக் குழி ஆறுவது தாமதமாகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின்மேல் பத்து நிமிடம் வைப்பதும் பத்து நிமிடம் எடுப்பதுமாக இருக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மரப்பு விலகும் முன்பே வலி மாத்திரையின் முதல் வேளையைப் போட்டுவிட்டால் வலி முந்திக்கொள்ளாது. 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, சாப்பாட்டுக்குப் பின் வாயில் வைத்திருங்கள். கொப்பளிக்க வேண்டாம், தலையை மெதுவாக இரு பக்கமும் சாய்த்து, பிறகு தொட்டியின்மேல் குனிந்து வாயைத் திறந்தால் நீர் தானே வழிந்துவிடும்.

உணவுக்கு முதல் இரண்டு நாள் குழைய வடித்து ஆறவைத்த மோர் சாதம் போல் வேறொன்றில்லை. ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம், இட்லியைப் பாலில் ஊறவைத்தது என்று மாற்றிக்கொள்ளலாம். மிளகாய்க் காரமும் முறுக்கு, மிக்சர் போன்ற நொறுக்குத் தீனியும் தையல் ஆறும் வரை ஆகாது.

குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று கூடி, காதுவரை இழுத்து, மாத்திரைக்கும் அடங்காமல் வாயில் துர்நாற்றமும் எடுத்தால், இரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள் கொள்ளலாம். கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் விட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள், அவர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் பெரும்பாலும் அன்றே தணியும். காய்ச்சல், சீழ், நிற்காத இரத்தம் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.