காரைக் களிமண்ணிலிருந்து ஃபோராம் பிரிப்பது: ஓடு கரையாமல், ஜிப்சம் கட்டி தட்டாமல்

பெரம்பலூர் மாவட்டம் காரையைச் சுற்றி மழைநீர் அரித்துப்போட்ட பொட்டல் மேடுகள், கிரிட்டேசியஸ் காலக் கடலடிச் சேறு. வயது ஏறத்தாழ 11 முதல் 9 கோடி ஆண்டு. அம்மோனைட், பெலம்னைட் (அழிந்துபோன கடலுயிரிகள்) புதைபடிவம் தேடிப் போகிறவர்கள் மிதித்துக்கொண்டே நடக்கும் அந்தக் களிமண்ணுக்குள்தான் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் (இனி ஃபோராம்) ஓடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. பாறையின் வயதையும் அந்தக் காலத்துக் கடலின் ஆழத்தையும் கணிக்க முதலில் கைவைப்பது இவற்றின் மேல்தான்.

ஆழ்கடலடியைத் துளைத்து உருளையாக எடுக்கும் மாதிரியில் வரும் சேற்றைக் கழுவும் முறைதான் இங்கேயும். ஆனால் காரையில் இரண்டு வில்லங்கம் உண்டு: ஜிப்சம் (கால்சியம் சல்பேட் கனிமம்), பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்). பாடப்புத்தக முறையை அப்படியே செய்தால் முதலாவது கட்டி தட்டும், இரண்டாவது ஓட்டைத் தின்றுவிடும்.

மண் எடுக்கும் இடம்

மேற்பரப்பு மண் வேண்டாம். கரும் களிமண் வெயிலும் மழையும் பட்டு மக்கும்போது அதிலுள்ள பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அது சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கிறது, கரைந்த கால்சியம் ஜிப்சமாகப் படிகிறது. மேட்டின் மேலே பளபளவென்று ஜிப்சத் தகடு நிறையக் கிடந்தால், அந்த இடத்தில் ஓடுகள் பெருமளவு போயிருக்க வாய்ப்பு அதிகம். கொத்தால் அரை மீட்டராவது உள்ளே வெட்டுங்கள். பழுப்பு மாறிச் சாம்பல் நிறம் வந்ததும் அரைக் கிலோ எடுத்தால் போதும். கொத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் துடைக்க வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் பையின் உள்ளேயும் ஒன்று போடுங்கள், பால்பாயின்ட் மை ஈரத்தில் ஊறிப்போகும். நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். பக்கத்துச் சாத்தனூர்க் கல்மரம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அங்கே கொத்தோடு போகவே கூடாது.

சல்லடை

63 மைக்ரான் ஒன்று, 150 மைக்ரான் ஒன்று. இரண்டும் 20 செ.மீ. விட்டம், துருப்பிடிக்காத எஃகு. கடையில் எண் சொல்லிக் கேட்காதீர்கள்: 63 மைக்ரானுக்கு அமெரிக்க எண் 230, பிரிட்டிஷ் எண் 240. மைக்ரானில் கேட்டால் குழப்பமில்லை. பித்தளைச் சல்லடை மலிவுதான், ஆனால் ரசாயனம் பட்டால் வலை கெடும்.

உலர்த்துவது: எல்லாம் கெடுவது இங்கேதான்

ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் அது உருண்டையாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்த களிமண்ணைப் போட்டால் தண்ணீர் துளைகளுக்குள் பாய்ந்து, உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளி, துண்டு தானாகவே உதிரும். எனவே காய வைத்தே ஆக வேண்டும். மின்அடுப்பை (oven) 105 டிகிரியில் வைக்கும் மண் பரிசோதனைக்கூட வழக்கத்தைப் பலர் இங்கே அப்படியே பின்பற்றுகிறார்கள். ஜிப்சம் உள்ள மண்ணுக்கு அது ஆகாது. அந்தச் சூட்டில் ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாக மாறும். பிறகு தண்ணீரில் போட்டதும் அது இறுகும். களியும் ஓடும் சேர்ந்து கட்டியாகிவிடும். அதன்பின் எதில் ஊற வைத்தும் சுத்தமாகப் பிரியாது.

ஆகவே 45 டிகிரி, கூடிப்போனால் 50. முதலில் கண்ணுக்குத் தெரியும் ஜிப்சத் தகடுகளைக் கையால் பொறுக்கி எறியுங்கள். களிமண்ணைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக உடைத்துத் தட்டில் பரப்புங்கள். அரைக்கக் கூடாது, ஓடு நொறுங்கும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போடுங்கள், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள், இரண்டும் ஒன்றானால் காய்ந்தது. மின்அடுப்பு இல்லாதவர்களுக்குச் சித்திரை வெயில் போதும், தூசி விழாமல் மேலே மெல்லிய துணி கட்டினால் சரி.

100 கிராம் எடையிட்டு எடுத்துக்கொண்டு அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மிச்ச மண் இருப்பில் இருக்கட்டும்.

உதிர்ப்பது: எளியதிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வெறும் தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. ஓரிரவு ஊறட்டும். பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கணிப்பு.

உதிரவில்லையென்றால் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட். மண்ணின் துகளளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர் சோதனைக்கான கரைசலே போதும்: ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 33 கிராம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட், 7 கிராம் சோடியம் கார்பனேட். அந்த 7 கிராமை விட்டுவிடாதீர்கள். ஃபாஸ்பேட் மட்டும் போட்டு நாள்கணக்கில் ஊற வைத்தால் அது ஓட்டிலிருந்தும் கால்சியத்தை உருவும். கால்கான் என்ற பழைய பெயரை நம்பி வாஷிங் மெஷின் பொடி வாங்க வேண்டாம், இன்று அந்தப் பெயரில் வருவதன் கலவை வேறு. ரசாயனக் கடையில் முழுப்பெயர் சொல்லி வாங்குங்கள்.

அதற்கும் அசையாத கெட்டிக் களிப்பாறைக்கு மண்ணெண்ணெய். முழுக்கக் காய்ந்த துண்டுகள் மூழ்கும் அளவு ஊற்றி, சில மணி நேரம் விட்டு, எண்ணெயை வடித்துவிட்டு, மேலே வெந்நீர் ஊற்றுங்கள். துளைக்குள் போன எண்ணெயைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு நுழையும்போது பாறை கண்ணெதிரே சேறாகும். துண்டில் துளி ஈரமிருந்தாலும் எண்ணெய் உள்ளே போகாது, வேலை நடக்காது. வெந்நீரை வேறு அறையில் கொதிக்க வைத்துக் கொண்டுவாருங்கள். எண்ணெய் இருக்கும் பாத்திரம் அடுப்புப் பக்கமே வரக் கூடாது, வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். வடித்த எண்ணெயை வடிதாளில் வடிகட்டினால் மறுபடி பயன்படும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கடைசி. இணையத்தில் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், அதில் எனக்கு உடன்பாடில்லை. கரிமம் நிறைந்த கருங்களியை அது அருமையாக உதிர்க்கும். ஆனால் பைரைட் இருந்தால், மேட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்த அமில வேலையைப் பீக்கருக்குள் சில மணி நேரத்தில் முடித்துவிடும். சுண்ணாம்பு ஓடு போய், மணலை ஒட்டிக் கட்டிய ஓடுகள் மட்டும் மிஞ்சும். நீங்களோ ‘இங்கே மிதவை உயிரிகளே (நீரில் மிதந்து வாழும் ஃபோராம்) இல்லை, கடல் வேறு மாதிரி இருந்திருக்கிறது’ என்று எழுதிவிடுவீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் 3 சதவீதம், கொஞ்சம் சலவைச் சோடா சேர்த்து, லிட்மஸ் தாள் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. பொங்கும், ஆகவே மாதிரியைப் போல் நாலு மடங்கு பெரிய பாத்திரம் வேண்டும். சந்தேகமென்றால் அதே மண்ணில் பாதியைப் பெராக்சைடிலும் பாதியை மண்ணெண்ணெயிலும் கழுவி ஒப்பிடுங்கள்.

கழுவுவது

சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக 63 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, மெல்லிய பூவாளித் தண்ணீரில் கழுவுங்கள். விரலால் தேய்க்காதீர்கள். வலைக்கண் விரியும், நீள ஓடுகள் முறியும். அடைத்துக்கொண்டால் சல்லடையின் அடியில் உள்ளங்கையால் தட்டினால் போதும். கீழே வெள்ளைக் கிண்ணம் வைத்துப் பாருங்கள், விழும் தண்ணீர் தெளிந்தால் முடிந்தது. சேற்றுநீர் வாளிக்குப் போகட்டும். தொட்டியில் விட்டால் குழாய் அடைக்கும்.

மிஞ்சியதில் ஜிப்சம் மினுக்கினால் பதற வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும், 5 கிராம் போக இரண்டரை லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 150 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு கரையும். உப்புநீரில் அவ்வப்போது கலக்கி ஒரு நாள் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுங்கள்.

சல்லடையை ஓரமாகச் சாய்த்து, பின்புறத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி, எல்லாவற்றையும் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். மறுபடி 50 டிகிரிக்குள் உலர்த்தி எடை போடுங்கள். 100 கிராமில் சில கிராம்தான் தேறும், அதுவே சரி.

அடுத்த மாதிரிக்குப் போகுமுன் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள் (மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும்). வலையில் ஒளிந்திருக்கும் பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு வந்தால் அது அதனுடையதல்ல, ஒதுக்கிவிடலாம். இந்த ஒரு வேலையைச் செய்யாத அடுக்கு வரிசை ஆய்வை நான் நம்புவதில்லை.

பொறுக்குவது

உலர்ந்ததை 150 மைக்ரானில் சலித்து, மேலே நின்றதில் தொடங்குங்கள். சின்னதில் குஞ்சு ஓடுகள் அதிகம், புதியவர்களுக்குக் குழப்பம். கட்டம் போட்ட கருப்புத் தட்டு, 40 மடங்காவது பெரிதாக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, 000 எண் பிரஷ். வட்ட விளக்கைவிடப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கும் விளக்கே நல்லது, நிழல் விழுந்தால்தான் அறைகளின் கோடு தெரியும்.

உப்பிய அறைகள் திராட்சைக் குலை போலச் சுருண்டிருந்தால் ஹெட்பெர்கெல்லா வகை மிதவை உயிரி. இருபுறமும் குவிந்த வழவழப்பான வட்டு லென்டிகுலினா, கடலடியில் வாழ்ந்தது. மொத்தத்தில் மிதவை வகையின் பங்கு கூடக்கூட, கரையிலிருந்து விலகிய ஆழமான கடல் என்று பொருள்.

எண்ணிக்கை 300 ஆகும்வரை ஒன்றையும் தள்ளாமல் பொறுக்க வேண்டும். 100-க்கு 1 என்ற அளவில் இருக்கும் இனம், 300 பொறுக்கினால் ஒருமுறையாவது கண்ணில் பட 95 சதவீத வாய்ப்பு உண்டு. அழகானதை மட்டும் எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பொறுக்கிய ஓடுகளை ஸ்லைடில் ஒட்ட டிராகாகாந்த் பிசின், பூஞ்சை வராமல் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய். ஈர பிரஷ் பட்டால் ஓடு கழன்று வரும், திருப்பிப் பார்க்கலாம். ஃபெவிகுவிக் போட்டால் அந்த ஓட்டின் மறுபக்கத்தை யாரும் பார்க்க முடியாது.

பிறகு சேர்த்தது: ‘பிரஷ் பக்கத்தில் போனாலே ஓடு துள்ளி ஓடுகிறது’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டின் நிலைமின்சாரம் அது, ஏசி அறையில் இன்னும் மோசம். கருப்புப் பூச்சு அடித்த உலோகத் தட்டுக்கு மாறுங்கள், பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஈரமாகவே வையுங்கள். பழைய ஆட்கள் நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். மண்ணெண்ணெயில் கழுவிய மாதிரியில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

இன்னொரு கேள்வி, உலர்ந்தபின் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது. உப்பு முழுக்கப் போகவில்லை. கடைசி அலசலில் ஒரு சொட்டை நாணயம் அளவு கண்ணாடியில் காய வைத்துப் பாருங்கள், வெள்ளைப் படிவு நின்றால் இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றுங்கள்.