பயணச்சீட்டில் உள்ள நேரத்திலிருந்து பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

சென்னையிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். பயணிகள் விமானம் உயரத்தை எட்டிய பின் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்பதால், வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் கால அட்டவணையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காட்டப்பட்டிருக்கும். விமானம் நிலையத்தைவிட்டு நகரும் நொடியிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் வரை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்பதும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதும் இதற்குக் காரணம்.

பலர் தடுமாறும் இடம் நேர வித்தியாசம்தான். பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள்; சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11.30-க்குப் புறப்பட்டுக் காலை 6.15-க்குச் சேரும் என்றிருந்தால், 6 மணி 45 நிமிடத்திலிருந்து இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். உண்மையான பயணம் 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது அதே இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும்.

நீண்ட வழித்தடங்களில் காற்றும் கணக்கை மாற்றும். லண்டன்–நியூயார்க் இடையே சுமார் 5,500 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வீசும் உயர்வளிக் காற்றால், போகும் பயணத்தைவிட லண்டன் திரும்பும் பயணம் பொதுவாக ஒரு மணி நேரம் குறையும். ஆகவே, இணைப்பு விமானத்துக்கான இடைவெளியைத் தொலைவை வைத்து முடிவு செய்யாமல், அந்தத் திசைக்குரிய அட்டவணை நேரத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.