"ஸா வா?" என்று கேட்டால் என்ன சொல்வது

பிரான்சுக்கு வந்த முதல் கிழமையிலேயே உங்கள் காதில் அதிகம் விழப்போவது "ஸா வா?". நம்முடைய "எப்படிச் சுகம்?" போலத் தெரியும். ஆனால் வேலையிடத்தில் கேட்பவர் நடந்துகொண்டேதான் கேட்பார்; நாரி நோவையும் நித்திரையில்லாததையும் சொல்லத் தொடங்கினால் அவருக்கு நிற்பதா போவதா என்று தெரியாது. "ஸா வா, ஏ வூ?" (சுகம், நீங்கள்?) போதும். கேள்வியும் பதிலும் ஒரே சொல்தான்: கேட்கும்போது கடைசியில் குரலை ஏற்றுங்கள், பதிலில் இறக்குங்கள். அந்த "ஏ வூ"வை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருப்பிக் கேட்காவிட்டால் முகம் கொடுக்காததுபோல் படும்.

இதற்கெல்லாம் முன் "போன்ஜூர்" (வணக்கம்). பாண் கடையிலோ அலுவலகத்திலோ அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால், எதிரில் இருப்பவர் "போன்ஜூர்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அது வரவேற்பு அல்ல, கண்டிப்பு.

முதலாளியிடமும் வயதானவர்களிடமும் "கொமோன் தலே வூ?" என்று கேளுங்கள். "கொமோன்" என்பதன் கடைசி எழுத்து வழமையாக ஒலிக்காது. இங்கே அடுத்த சொல்லோடு ஒட்டி "தலே" ஆகிறது. "து" நம்முடைய நீ, "வூ" நீங்கள். அவர்களாக "து" என்று கதைக்கச் சொல்லும்வரை "வூ"தான். சிநேகிதரிடம் "ஏ துவா?".

கொஞ்சம் சுகமில்லை என்றால் "பொஃப்" அல்லது "பா தெரிப்ல்". இரண்டாவதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அகராதியைப் பார்த்து "பயங்கரமாக இல்லை" என்று எடுத்துக்கொள்வார்கள். சொன்னவரோ "அவ்வளவு நல்லாயில்லை" என்கிறார். அந்த நேரத்தில் நின்று கேளுங்கள். பாடப்புத்தகத்து "கொம் ஸி கொம் ஸா" (ஏதோ இருக்கிறேன்) பேச்சில் அரிது.

"சாப்பிட்டீங்களா?" என்ற நம் அக்கறையை அப்படியே பிரெஞ்சில் கேட்டால், சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைக்கலாம். வெக்கையாக இருந்தால் "ஜே ஷோ". "ஜ சுவி ஷோ" என்றால் வேறு பொருள் வந்து சங்கடமாகிவிடும்.

டாக்டரிடம் மட்டும் மரியாதைக்காக "ஸா வா" சொல்லவே வேண்டாம். அங்கே கேள்வி உண்மையான கேள்வி. "ஜே மால்" என்று தொடங்கி இடத்தைச் சொல்லுங்கள்: தலையிடிக்கு "ஆ லா தெத்", வயிற்றுக்கு "ஓ வோந்த்ர்", முதுகுக்கு "ஓ தோ". காய்ச்சல் என்றால் "ஜே து லா ஃபியெவ்ர்". எப்போதிருந்து என்று கேட்பார்கள். "துப்வி இயேர்" என்றால் நேற்றிலிருந்து. ஆஸ்பத்திரியில் நோவுக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பது வழக்கம். நம்மவர்கள் பொறுத்துப் பழகி 3 என்பார்கள். தாங்க முடியாவிட்டால் 8, 9 என்றே சொல்லுங்கள். உங்களை எவ்வளவு அவசரமாகப் பார்ப்பது என்று முடிவெடுக்க அந்த எண்ணும் உதவுகிறது. மூச்சு முட்டினால் காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவி எண்ணான 15க்கு அடித்து "ஜே து மால் ஆ ரெஸ்பிரே" என்று சொல்லி, முகவரியைக் கொடுங்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்க வேண்டாம்.